சூரனுக்கு முந்தி எழும்பியவர்

எங்கள் பெரியமாமிக்குக் கோபம் உடனே வராது. அவரிடம் இருந்த பெரிய கரைச்சல் அதுதான். யாரோ ஒருவன்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டு போய் நின்றால், நமக்காக நாலு வார்த்தை ஏசுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஏச மாட்டார். "எப்ப இருந்து?" என்று கேட்பார். எப்போதிருந்து என்று யோசிக்கத் தொடங்கினாலே பாதி ஆத்திரம் போய்விடும். ஆத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு அந்த மனிசி சரிவர மாட்டார்.

அவர் என் மனைவியின் தாய்க்கு மூத்தவர். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அப்படித்தான் நானும் சித்தாண்டியில் இருந்து ஏறாவூர்ப் பக்கம் வாவிக்கரையில் இருந்த அந்த வளவுக்குப் போனேன். ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் இருவரும் மாமாவும், அதாவது என் மனைவியின் தகப்பனும். மற்றதில் பெரியமாமி தனியே. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. புருசன் வாவியில் மீன் பிடித்தவர். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு நெடுநாள் முந்தியே காய்ச்சலில் போய்விட்டாராம். என் மாமியாரும் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே இரண்டு வீட்டு அடுப்பும் பெரியமாமியின் கையில்தான் எரிந்தது.

அந்தக் காலத்தில் மாமியார்மார் மருமகனுக்கு முன்னால் நேரே வந்து நிற்கமாட்டார்கள். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச்சு. ஆகையால் முதல் ஒரு வருடத்துக்கு மேலாக எனக்குப் பெரியமாமி என்றால் ஒரு குரலும், கதவுக்குக் கீழே தெரியும் இரண்டு கால்களும்தான். அந்தக் குரல் எந்நேரமும் எதையாவது விசாரித்துக்கொண்டிருக்கும்.

கறியில் உப்புக் கூடிவிட்டது என்று நான் ஒருநாள் முகத்தைச் சுளித்தேன். மனைவி கண்கலங்கிவிட்டாள். கதவுக்குப் பின்னால் இருந்து, "புள்ள, உப்பை எந்தக் கரண்டியால போட்டாய்?" என்று கேட்டது குரல். பிறகு, புளியையும் கூட்டினாயா என்று கேட்டது. கூட்டினேன் என்றாள் இவள். "ரெண்டையும் ஒண்டா மாத்தினா எதால கெட்டதெண்டு எப்பிடித் தெரியும்?" என்றது குரல். நான் கறியை மறந்து, இந்த வீட்டில் சோறு தின்பதும் ஒரு வழக்குப்போல நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய புருசனும் இருந்த காலத்தில், உன்னோடு குடும்பம் நடத்துவது கோட்டுக்கூண்டில் நிற்பதுபோல இருக்கு என்று சொல்வாராம். இதைச் சொல்லிச் சிரித்ததும் பெரியமாமிதான்.

தேங்காய் காணாமல் போன கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாவியோரத்தில் நின்ற தென்னைகளில் விழுகிற காய்கள் குறைகின்றன என்று மாமா, தேங்காய் பிடுங்க வரும் மனிசன்மேல் பழியைப் போட்டு அவனை வளவுக்குள் வரவேண்டாம் என்றுவிட்டார். பெரியமாமி மரங்களைப் போய்ப் பார்த்தார். மூன்று தென்னைகள் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கரையோடு நடந்து, வளைவில் இருந்த கண்டல் பற்றைக்குள் கையை விட்டார். அங்கே கிடந்தன எங்கள் தேங்காய்கள், சில முளையும் விட்டு. அன்றே ஆள் அனுப்பி அந்த மனிசனைக் கூப்பிட்டு, முளைவிட்ட காய்களையும் அவனுக்கே நடக் கொடுத்தார். மாமா இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

எல்லா இடத்திலும் இது நல்லதாக முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சாவு வீட்டில், பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர் செத்தவரின் பெண்சாதிக்குப் பக்கத்தில் குந்தி, இருமல் எப்போது தொடங்கினது, கசாயம் யார் கொடுத்தது என்று மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு இவரை முறைத்துப் பார்த்தாளாம். என் மனைவிக்கு வெட்கத்தில் நிலம் பிளக்காதா என்று இருந்ததாம். வழியில் ஏசிக்கொண்டே கூட்டிவந்தாள். பெரியமாமிக்கு அது விளங்கவே இல்லை. கேட்காவிட்டால் அடுத்த இருமல்காரனுக்கு என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டாராம்.

இனி என் நாய்க்கு வருகிறேன். சூரன்போர் நடந்த நாளில் சித்தாண்டிக் கோயில் வீதியில் கிடந்த குட்டி அது. அதனால் பெயர் சூரன். பெயருக்குத்தான் சூரன், ஆட்டுக்குட்டியைக் கண்டாலும் ஒதுங்கிப் போகும். மாப்பிள்ளையாகப் போகும்போது என் பெட்டியோடு அதையும் கொண்டுபோனேன். பெண் வீட்டில் என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்தப் பெட்டியும் அந்த நாயும்தான். ஒரு வருடம் அது யாருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. நெல் வைக்கும் கொட்டிலுக்குக் கீழே படுக்கும். வெயில் முகத்தில் பட்ட பிறகுதான் எழும்பிச் சோம்பல் முறிக்கும்.

அடுத்த மாரியில், திடீரென்று அதற்கு என்ன பிடித்ததோ தெரியாது, விடிவதற்கு வெகு நேரம் முந்தியே எழும்பிக் குரைக்கத் தொடங்கியது. குரைத்து, பிறகு மூக்கை மேலே தூக்கி ஊளை. நான் எழும்பி அதட்டினால் கொஞ்சம் அடங்கும். பாயில் சாய்ந்ததும் மறுபடி தொடங்கும்.

மாமா இழுப்புக்காரர். இரவெல்லாம் தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு குந்தியிருப்பார். விடியப்புறத்தில்தான் மூச்சு இலேசாகிக் கண் அயரும். அந்த நேரம் பார்த்துச் சூரன் ஊளையிட்டால் மனிசன் என்ன செய்வார்? நாய் ஊளையிட்டால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும் என்று எங்கள் சனங்களிடம் ஒரு பயம் இருந்தது. அந்த வளவில் நோயாளி அவர் ஒருவர்தான். அவர் அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் நாயைப் பார்க்கிற பார்வையில் எனக்கு விளங்கியது. கடைசியில் ஒருநாள் சொன்னார், படுவான்கரையில் இருந்து விறகுத் தோணி வரட்டும், திரும்பிப் போகும்போது நாயையும் ஏற்றி அக்கரையில் விடச் சொல்கிறேன் என்று. தோணிக்காரரிடமும் சொல்லி அனுப்பிவிட்டார்.

வந்து குடியிருக்கிற மாப்பிள்ளை மாமாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவது எப்படி? அக்கரைக் காட்டுப் பக்கம் நரியும் சிறுத்தையும் திரிகிற இடம். ஆட்டுக்குட்டிக்குப் பயந்த நாய் அங்கே ஒரு கிழமை தாங்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நான் பாதிச் சோற்றில் கை கழுவியதைப் பார்த்துத்தான் கதவுக்குப் பின்னால் இருந்த குரல் கேட்டது.

"மருமகன், நாய் எப்ப இருந்து இப்பிடி?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக என்றேன். மாதமென்றால் எந்த நாளில் இருந்து என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. சரி, எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கிறது என்று கேட்டார். அதையும் நான் பார்த்ததில்லை. வீட்டில் எல்லாரும் போர்வைக்குள் தலையை வைத்துக்கொண்டு நாயை ஏசினோமே ஒழிய, ஒருவரும் எழும்பிப் போய் நாயைப் பார்க்கவில்லை.

"பொறுங்க, பாப்பம்" என்றார்.

கொழும்பு ரயிலை நாங்கள் கோச்சி என்போம்; அந்தக் கோச்சிச் சத்தத்துக்குத்தான் எழும்புகிறது என்பது என் மனைவியின் கட்சி. இரவுக் கோச்சி எங்கள் ஊரைத் தாண்டி மட்டக்களப்புக்குப் போவது அந்த நேரத்தை ஒட்டித்தான். பசிதான் காரணம் என்பது என் கட்சி. மாமா தன் கட்சியைச் சொல்லவில்லை. பெரியமாமி ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் கோச்சி. அந்தக் கிழமை வெள்ளத்தில் தண்டவாளம் எங்கேயோ அரித்துப்போய்க் கோச்சி வரவில்லை. சூரன் வழக்கம்போல எழும்பிக் குரைத்தது. கோச்சி தப்பியது. பிறகு, இரவில் நாய்க்கு வயிறு முட்டச் சோறு வைக்கச் சொன்னார். வைத்தேன். அதைத் தின்றுவிட்டு அதே நேரத்துக்கு எழும்பிக் குரைத்தது. சோறு வைக்கிறதோடு படுக்கிற இடத்தையும் சேர்த்து மாற்றிப் பார்க்கலாமே என்று நான் அவசரப்பட்டேன். தோணி வந்துவிடுமே என்ற தவிப்பு எனக்கு. அவர் விடவில்லை.

மழை ஓய்ந்து நிலம் காய்ந்த ஒரு பின்னேரம், பெரியமாமி கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தார். முதல் தடவையாக அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேரே பார்த்தேன். ஒல்லியான மனிசி, புருவம் மட்டும் அடர்த்தி. கையில் ஒரு சுளகு நிறையச் சாம்பல். அடுப்புச் சாம்பலை அரித்து எடுத்திருந்தார். கொட்டிலைச் சுற்றி, வேலியோரம், வீட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் மெல்லிசாகத் தூவினார். நான் வழக்கத்துக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டேன். "நீங்க என்னத்துக்கு அங்கால பாக்கிறீங்க? இதில மிதிக்காம நடங்க" என்றார்.

மறுநாள் காலையில் நான் எழும்பி வந்தபோது அவர் சாம்பலைப் பார்த்து முடித்திருந்தார். எனக்கும் காட்டினார். சூரனின் கால்கள் கொட்டிலில் இருந்து நேரே வடக்கு வேலிக்குப் போயிருந்தன. வேலியோரத்தில் ஓர் இடத்தில் குந்தியிருந்த அடையாளம். அங்கே நிலம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பல நாளாகக் குந்துகிற இடம். அங்கே இருந்து கால்கள் திரும்பி வீட்டுப் பக்கம் வந்து, ஒரு யன்னலுக்குக் கீழே போய் நின்றன. அது மாமா படுக்கிற அறையின் யன்னல். அதன் கீழே சாம்பலில் மணலை மீன் தலையின் செதிலும் முள்ளும் கிடந்தன.

நான் வாயைத் திறக்கப் போனேன். பெரியமாமி காலால் அந்த முள்ளைப் புல்லுக்குள் தள்ளிவிட்டு, பேசாமல் இருங்க என்று சைகை காட்டினார்.

அன்றைக்கு மத்தியானமே விறகுத் தோணி வந்துவிட்டது. விறகை இறக்கிய தோணிக்காரர், சூரனின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்தார். அது வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் வேறு பக்கம் திரும்பித் தவிர்த்தேன். மாமா கரையில் நின்று, கெதியா ஏற்று என்று கையைக் காட்டினார். அப்போது பெரியமாமி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். தோணிக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஏத்துறதெண்டா ஏத்துங்க மச்சான். நாளைக்கு விடியப்புறம் மீன் தலையை ஆருக்குப் போடப் போறீங்க?"

மாமா வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை இருமினார். இழுப்பு வரப்போகிறது என்று நான் பயந்தேன், வரவில்லை. பிறகு தானே இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். "இது வயசு போன நாய், அக்கரையில சாகும்" என்று தோணிக்காரரிடம் சொன்னார். சூரனுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை.

பின்னேரம் அவரே பெரியமாமியிடம் சொன்னார். முதலில் வாயை அடைக்கத்தான் போட்டாராம். இரவுக் கறியில் ஒரு தலையை எடுத்து வைத்து, ஊளை தொடங்கியதும் யன்னலால் எறிந்தால் நாய் அடங்கிவிடும்; அவருக்கும் கண் அயரும். எறிய எறிய அது அந்த நேரத்துக்கே எழும்பப் பழகிவிட்டது என்பது அவருக்கு விளங்கவில்லை. "மறுகா, அது வந்து கீழ நிண்டு பாக்கும் மச்சாள். போடாட்டி எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்" என்றார். சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. நாயை ஏற்று ஏற்று என்று நின்ற மனிசன்தான் அதற்குத் தீனி போட்டு எழுப்பியிருக்கிறார். நான் சிரித்துவிடுவேன் என்று பயந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். பெரியமாமி விடுவாரா? மாமா மீன் போட்டது ஊளையை அடக்க. அப்படியென்றால் மாமா போடுவதற்கு முந்தியே நாய் எழும்பியிருக்கிறது. அது ஏன்? வேலியடியில் ஏன் போய்க் குந்துகிறது? எப்போது தொடங்கினது? மறுபடியும் அதே கேள்வி. அன்றைக்குத்தான் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. அடுத்த வீட்டில் இருந்து நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது. நான் அதில் அளவுக்கு மிஞ்சித் தின்றுவிட்டு அன்று நேரத்தோடு படுத்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள்தான் முதன்முதலாக நாய் என்னை எழுப்பியது.

"பெருநாளுக்கு மறுநாளோ?" என்றார் பெரியமாமி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நேரே வடக்கு வேலிக்குப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் புடவை மூட்டையோடு ஊர் ஊராகப் போய் விற்கிறவர். அவருடைய மனைவியும் பெரியமாமியும் வேலியால் கறி மாற்றிக்கொள்கிற சிநேகிதம். பெரியமாமி அவளைத் தங்கச்சி என்பார். அவள் அக்கா என்பாள். பெரியமாமி கேட்டதும் அந்தப் பெண் முதலில் பயந்துபோனாள். நாயால் எங்கள் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. பிறகு சொன்னாள்.

"சகர் நேரத்துல நான் குசினிக்குள்ள நிண்டா அது வேலியடியில வந்து குந்தியிருக்கும் அக்கா. நோன்பு மாசத்தில ஒரு சீவன் பசியோட பாத்துக்கொண்டு நிண்டா எப்பிடி நாங்க தின்னுற? மிச்சத்தை வேலிக்கு மேலால போட்டன்."

அவ்வளவுதான் விசயம். நோன்பு மாதம் முழுக்க, விடியுமுன் உண்ணும் சகருக்குப் பக்கீர் பாவாமார் றபான் மேளம் அடித்து ஊரை எழுப்பும்போது சூரனும் எழும்பி, வேலியடியில் சகர்ச் சோறு தின்றுவிட்டு வந்து படுத்திருக்கிறது. வயிறு நிறைந்த நாய் ஏன் குரைக்கப் போகிறது? எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருநாள் வந்தது, சகர் நின்றது. நாய்க்கு யார் போய்ச் சொன்னார்கள்? அது அதே நேரத்துக்கு எழும்பிப் போய்க் குந்தியிருந்து, ஒருவரும் வராததால் கூப்பிட்டிருக்கிறது. அதை நாங்கள் சாவுக்குக் கூப்பிடுகிறது என்று நினைத்தோம்.

மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். தன்னைக் கூப்பிடவில்லை, சோற்றைத்தான் கூப்பிட்டிருக்கிறது என்ற ஆறுதல் அந்தச் சிரிப்பில் இருந்தது.

மருந்தும் பெரியமாமிதான் சொன்னார். மீன் தலையை நிறுத்த வேண்டாம், பிந்திப் போடுங்கள் என்றார். ஊளை ஓய்ந்த பிறகு. பிறகு காகம் கரைந்த பிறகு. பிறகு வெளிச்சம் வந்த பிறகு. மாமா சொன்னபடியே செய்தார். தை முடிவதற்குள் சூரன் பழையபடி வெயில் படும்வரை கிடந்து உறங்கியது. அடுத்த நோன்பு வந்தபோது பெரியமாமி வேலியால் சொல்லிவிட்டார்: "போடுறதெண்டா போடு தங்கச்சி. பெருநாளோட சட்டெண்டு நிப்பாட்டிப் போடாத."

அதற்குப் பிறகு எனக்கும் மனைவிக்கும் ஒரு சண்டை வந்து, நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தாண்டிக்குக் கிளம்பினேன். வாசலில் வைத்து, "எப்ப இருந்து கோவம் மருமகன்?" என்றார் பெரியமாமி. யோசித்துப் பார்த்தால், அன்று காலை வயல் வட்டையில் மேல்வயல்காரன் என் தண்ணீரை மறித்துக் கட்டிவிட்டதில் இருந்து. பெட்டியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளாமை வெட்டுக் காலம் வந்தது. வெட்டுக்காரருக்கு முந்தி நான் வயலில் நிற்கவேண்டும் என்று ஒருநாள் இருட்டோடு எழும்பினேன். கரையில் ஒருவர் குந்தியிருப்பது தெரிந்தது. பெரியமாமி. பக்கத்தில் சூரன் படுத்துக்கிடந்தது. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது. குசினியில் அடுப்பு எரிந்தது. மேலே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாம்பலை நான் வருவதற்கு முந்தியே அவர் பார்த்து முடித்திருந்த அந்தக் காலை எனக்கு நினைவு வந்தது. சூரனுக்கு முந்தி எழும்புகிற ஒருவர் அந்த வளவில் இருந்தார் என்பது அத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டேன். "எப்ப இருந்து மாமி?"

அவர் சிரித்தார். "அவர்ர தோணி கரை தட்டுற நேரம் இது. வலையோட நனைஞ்சு வருவார். சுடுதண்ணி வெச்சிக் குடுக்கவேணும். கண் தானா முழிச்சிரும்" என்றார். எப்போதோ போய்விட்ட புருசனைப் பற்றி, நேற்று நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நாய்க்குச் செய்ததுபோல இதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் பார்க்கலாமே என்று பகிடிபோலச் சொல்லிவைத்தேன்.

"அது பாவம், என்னத்துக்கு முழிக்கிறம் எண்டு அதுக்குத் தெரியா. எனக்குத் தெரியும்தானே. என்னை மாத்த வேணாம் மருமகன்" என்றார்.

பிறகு எழும்பிப் போய், அந்தச் சுடுதண்ணீரில் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து தந்தார். தனக்கும் ஒரு கோப்பை. வாவியைப் பார்த்துக்கொண்டு இருவரும் குடித்தோம். வெட்டு முடியும்வரை தினமும் அப்படித்தான் நடந்தது. அதைவிடச் சந்தோசமான விடியல்கள் எனக்கு வாய்த்ததில்லை.

சூடும் அடித்து, நெல்லைக் கொட்டிலில் கொட்டி, வயலில் ஒரு வேலையும் இல்லாத நாட்கள் வந்தன. எனக்கு அதே நேரத்துக்குக் கண் முழித்தது. நான் போர்வையை விலக்குவதைக் கண்டு, கோச்சிச் சத்தத்துக்கா எழும்புறீங்க என்று அரைத் தூக்கத்தில் மனைவி கேட்டாள்.

ஓம் என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போனேன்.